தாளில் இல்லாத வரி

சென்ற வாரம் வானொலி நிலையத்துக்கு வந்திருந்தபோது, செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னை நடைவழியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். கேட்கிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று தோன்றினால் ஒரு வரியைக் கூட்டியோ குறைத்தோ வாசிக்கலாமா என்பது கேள்வி. கூடாது என்று விதி இருக்கிறது, அதைச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். ஆனால் நான் எப்போதும் அந்த விதிப்படி நடந்தவன் அல்ல. ஒரு முறை ஒரு வரியைக் கூட்டியிருக்கிறேன். அதை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

அப்போது வானொலி கிடையாது. ஐரோப்பாவில் முதல் உலக யுத்தம் தொடங்கிய வருடம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்துவிட்டு, அம்பாசமுத்திரத்தில் பத்திரிகைகளும் சிலேட்டும் காகிதமும் விற்கும் ஒரு கடைக்காரரிடம் வேலைக்கு இருந்தேன். யுத்தம் வந்ததும் திருநெல்வேலியிலிருந்து காலை ரயிலில் ஒற்றைத் தாளில் அச்சடித்த தந்திச் செய்திகள் வர ஆரம்பித்தன. எல்லாம் இங்கிலீஷ். சந்தை நாட்களில் அந்தத் தாளைத் தமிழாக்கிக் கூட்டத்துக்கு உரக்க வாசிப்பது என் வேலை. கடைக்குக் கூட்டம் சேரட்டும் என்று முதலாளி செய்த ஏற்பாடு அது.

சந்தைப்பேட்டையின் வட கோடியில், மாடு அவிழ்த்த ஒரு மொட்டை வண்டியின் மேல் ஏறி நின்று வாசிப்பேன். என் குரல் முப்பது நாற்பது அடிக்கு மேல் போகாது. அதனால் கூட்டத்துக்குள் மூன்று பேர் வரிசையாக நிற்பார்கள். நான் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவேன். முதல் ஆள் அதை வாங்கி, திரும்பி நின்று உரக்கச் சொல்வார். அவரிடமிருந்து இரண்டாம் ஆள் வாங்குவார். மூன்றாம் ஆள் சந்தை வாசலுக்குப் பக்கத்தில், மாடுகள் கட்டியிருக்கும் இடத்தில் நிற்பார். அவர் சொல்லி முடித்ததும் கையைத் தூக்குவார். அதைப் பார்த்த பிறகுதான் நான் அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டும். பொதுக்கூட்டங்களிலும் அந்தக் காலத்தில் இப்படித்தான். வாங்கிச் சொல்கிறவர்கள் என்று அவர்களுக்குப் பெயர்.

முதல் ஆள் சுடலைமுத்து. நாற்பது வயதிருக்கும். அம்பாசமுத்திரம் ஸ்டேஷனிலிருந்து விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றிப் போகும் வண்டிக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எவ்வளவு நீளமான வாக்கியத்தைக் கொடுத்தாலும் ஒரு சொல் சிந்தாமல் வாங்கிவிடுவார். நான் வாத்தியார் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் என்னை வாத்தியாரய்யா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய தம்பி இசக்கி சென்னைத் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்தான். மண்ணெண்ணெய்த் தொட்டிகள் இருக்கும் பக்கத்தில் டின் உருட்டும் வேலை. இரவிலும் அங்கேயே ஒரு கொட்டகையில் படுக்கை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். சுடலைமுத்து சொல்லச் சொல்ல இசக்கிக்குக் கடிதம் எழுதியது நான். கடை விலாசத்துக்கு வந்த பதிலை வாசித்துக் காட்டியதும் நான்.

புரட்டாசியில் ஒரு சந்தை நாள். ரயில் தாமதமாக வந்தது. தாளை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து வேகமாக நடந்துகொண்டே வாசித்தேன். முந்தின இரவு ஒரு ஜெர்மன் யுத்தக் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து குண்டு போட்டிருக்கிறது. துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிகின்றன. கோட்டையிலிருந்து பதிலுக்குச் சுட்டதும் கப்பல் விளக்கை அணைத்துவிட்டு ஓடிவிட்டது. சிலருக்கு உயிர்ச்சேதம், விவரம் தெரியவில்லை. இவ்வளவுதான் அதில் இருந்தது.

அந்த வழி முழுவதும் நான் எதைப் பற்றி யோசித்தேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியும். பீரங்கிக் குண்டுக்கும் துப்பாக்கிக் குண்டுக்கும் தமிழில் என்ன வித்தியாசம் காட்டுவது என்று யோசித்தேன். எந்த வாக்கியத்தை முதலில் வைப்பது என்று யோசித்தேன். யுத்தம் நம் கடற்கரைக்கே வந்துவிட்டது, அதை வாசிக்கப் போகிறவன் நான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. இசக்கியைப் பற்றி யோசிக்கவில்லை.

வண்டியடியில் முதலாளி காத்திருந்தார்.

"என்னவே இம்புட்டு நேரம்? பெரிய சேதி உண்டுமா?"

"உண்டு அண்ணாச்சி. சென்னையில குண்டு போட்டிருக்கான்."

"அப்பம் அதை முதல்ல சொல்லும். விலைவாசியில ஆரம்பிச்சீர்னா வெத்தலை வாங்கப் போயிருவானுவ."

பெரிய செய்தி முதலில் என்பது பத்திரிகைப் பாடம். கையில் தாளை வைத்திருக்கிறவனுக்கு அது சரி. முதல் வரி பயமுறுத்தினால் கண் தானாக இரண்டாம் வரிக்கு இறங்கிவிடும். காதால் கேட்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த வரி வரும்வரை அவன் முதல் வரியோடு மட்டும் நிற்க வேண்டும். சந்தையின் கடைசியில் நிற்கிறவனோ மூன்று வாய் தாண்டி அது வரும்வரை நிற்க வேண்டும். இது எனக்கு அன்று காலைவரை தெரியாது.

வண்டியில் ஏறினேன். கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். வாழைத்தார்க்காரர்கள், கருப்பட்டி விற்கிற பெண்கள், மில்லில் ராத்திரி முறை முடித்து வந்தவர்கள். வாசலில் இரண்டு நெல் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நின்றன.

"நேற்று இரவு ஜெர்மன் யுத்தக் கப்பல் ஒன்று சென்னைப் பட்டணத்தின் மேல் குண்டு போட்டது."

சுடலைமுத்து வாங்கிச் சொன்னார். இரண்டாம் ஆள் சொன்னார். வாசலில் கை உயர்ந்தது. சந்தைச் சத்தம் அடியோடு நின்றது. எங்கோ ஒரு மாட்டின் கழுத்துமணி மட்டும் கேட்டது.

"துறைமுகத்தில் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிகின்றன."

அந்த வாக்கியம் வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கு இசக்கியின் ஞாபகம் வந்தது.

சுடலைமுத்து திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் ஆள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: பட்டணத்தில் குண்டு விழுந்திருக்கிறது, அடுத்த வரியைச் சொல்ல வேண்டிய ஆள் சொல்ல மாட்டாமல் நிற்கிறான்.

"ஏலே, அடுத்தது என்னலே? ஏன் நிக்கான்?"

"சொல்ல முடியாத சேதி போல இருக்குலே."

"தூத்துக்குடிக்கு வருதாம்வே."

கடைசியில் சொன்னவன் யார் என்று எனக்குத் தெரியாது. தாளில் தூத்துக்குடி என்ற சொல்லே இல்லை. ஆனால் அது மூன்று வாய்களின் உதவி இல்லாமலே பரவியது. நான் உயரத்தில் நின்றதால் அது போவதைப் பார்க்க முடிந்தது. தலைகள் ஒவ்வொரு வரிசையாக வாசல் பக்கம் திரும்பின. முதலில் யாரும் ஓடவில்லை. கருப்பட்டிப் பெட்டியை ஒரு பெண் தலையில் எடுத்து வைத்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் எடுத்து வைத்தாள். பிறகு எல்லாரும் நகர்ந்தார்கள். பிறகு ஓடினார்கள். கட்டியிருந்த மாடுகள் மிரண்டு கயிற்றை அறுத்தன. வாசலில் இருந்த நெல் வண்டி ஒன்றை ஏழெட்டுப் பேர் தள்ள, அது சக்கரம் கழன்று குறுக்கே சாய்ந்தது. வழி அடைபட்டதை அறியாமல் பின்னாலிருந்து நெருக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சிவப்புச் சேலை கீழே போனது. மறுபடி எழுந்திருப்பதைக் காணவில்லை.

"கப்பல் ஓடிவிட்டது. கோட்டையிலிருந்து சுட்டார்கள், கப்பல் ஓடிவிட்டது" என்று கத்தினேன். முன்னால் இருந்த முப்பது பேர் கேட்டார்கள். என் குரல் வாசலுக்குப் போகவில்லை. நான்கு தடவை கத்தினேன். சுடலைமுத்து அசையவில்லை.

அந்தக் கூட்டத்தை எட்டக்கூடிய ஒரே தொண்டை அவருடையது. அதை எது திறக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதிலிருந்து வாசிப்பதுபோலவே சொன்னேன்:

"துறைமுகக் கூலியாட்கள் எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்கள். ஒருவருக்கும் சேதமில்லை."

அவர் ஒரு மூச்சு நேரம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பினார். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"கூலியாளுக எல்லாரும் பத்திரம். ஒருத்தனுக்கும் ஒண்ணுமில்ல. கப்பல் ஓடிட்டு. நில்லுங்கலே, கப்பல் ஓடிட்டுலே."

இரண்டாம் ஆள் வாங்கினார். மூன்றாம் ஆளைக் கூட்டம் எங்கோ தள்ளிவிட்டிருந்தது. அவர் இல்லாமலே சேதி வாசல்வரை போய்ச் சேர்ந்தது. நெருக்கம் நின்றது. சாய்ந்த வண்டியைத் தூக்கினார்கள். சிவப்புச் சேலை கட்டியிருந்த பெண்ணுக்குக் கை ஒடிந்திருந்தது. நாலைந்து பேருக்கு மாடு மிதித்த காயம். உயிருக்கு ஆபத்தில்லை.

"கெட்டிக்காரன்வே நீரு" என்றார் முதலாளி. நான் தாளை மடித்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு சுடலைமுத்து வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றார்.

"அந்த வரி எங்கன இருக்கு, காட்டுங்க."

"எந்த வரி?"

"கூலியாளுக பத்திரம்னு போட்டிருக்கிற வரி."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆபத்து முடிந்துவிட்டது, கேட்கிறவர் ஒருவர் மட்டும். சொல்லத் தைரியம் வரவில்லை. தாளை விரித்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தேன். அது பூனாவில் நடந்த குதிரைப் பந்தயத்தின் முடிவு. அவர் குனிந்து, என் விரலை மெல்ல நகர்த்திவிட்டு, அந்த எழுத்துகளைத் தன் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"இந்தத் தாளை நான் வச்சுக்கிடட்டுமா? வீட்ல அம்மை கேட்டா காட்டணும். நான் வாயால சொன்னா நம்ப மாட்டா."

கொடுத்தேன். முதலாளி கடையில் வேறு பிரதி இருந்தது.

அன்று மாலையே தபாலாபீசுக்குப் போய், இசக்கிக்குக் கடிதம் போடும் ராயபுரம் விலாசத்துக்குப் பதில் கேட்டுத் தந்தி அடித்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. இசக்கியிடமிருந்து அல்ல, தந்தி ஆபீசிலிருந்து. விலாசத்தில் ஆள் இல்லை, தந்தி கொடுக்கப்படவில்லை. அந்தக் காகிதத்தை மடித்து ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக் கோயிலில் பைபிள் பாடம் வாசிப்பது என் முறை. தொண்டை கட்டியிருக்கிறது என்று உபதேசியாரிடம் பொய் சொல்லி இன்னொருவரை வாசிக்க வைத்தேன்.

சென்னைப் பத்திரிகைகள் வந்தன. எரிந்த எண்ணெய் எத்தனை கேலன், எந்தெந்தக் கட்டடத்தில் எத்தனை ஓட்டை, எந்தத் துரை எந்த ஜன்னலிலிருந்து பார்த்தார் என்றெல்லாம் இருந்தது. கூலியாட்களில் செத்தவர் யார், பிழைத்தவர் யார் என்று ஒரு பத்திரிகையும் எழுதவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் விரலை வைத்து வரிவரியாகத் தேடினேன். பட்டணத்தில் பாதிப்பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டதாக ஒரு செய்தி இருந்தது. ஆள் இல்லை என்பதற்கு ஓடிவிட்டான் என்றும் பொருள் இருக்கலாம். அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் சாப்பிட்டேன். மறுநாள் அந்த எண்ணமும் உதவவில்லை.

எனக்கு இரண்டு பயங்கள் இருந்தன. இசக்கி செத்திருப்பானோ என்பது ஒன்று. அந்தத் தாளை இங்கிலீஷ் தெரிந்த யாரிடமாவது சுடலைமுத்து காட்டிவிடுவாரோ என்பது இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று அப்போது என்னை யாராவது கேட்டிருந்தால் முதலாவது என்று சொல்லியிருப்பேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த சந்தை நாள் அவர் வழக்கமான இடத்தில் வந்து நின்றார். அதற்கடுத்த சந்தைக்கும் வந்தார். முன்னைவிட ஓரடி கிட்ட, வண்டியின் நுகத்தடிக்குப் பக்கத்தில். நான் தாளைப் பிரிக்கும்போது தாளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். வாக்கியங்களை ஒரு சொல் சிந்தாமல் வாங்கினார். முடிந்ததும் ஒரே கேள்விதான்.

"கடுதாசி ஏதும் வந்துச்சா?"

"இல்லை அண்ணே."

"வந்தா சொல்லி அனுப்புங்க."

தந்தி ஆபீஸ் காகிதத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பொய்யைச் சொன்னவன், அதற்குப் பிறகு வரும் உண்மைகளையும் ஒளிக்க வேண்டியிருக்கிறது. இதை நீங்கள் எந்தக் கையேட்டிலும் பார்க்க மாட்டீர்கள்.

மூன்றாவது சந்தைக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் கடை திறந்துகொண்டிருந்தபோது படியில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். தாடி, கிழிந்த சட்டை, வலது காதைச் சுற்றித் துணி. பிச்சைக்காரன் என்று முதலாளி நினைத்தார்.

"ஏலே, அங்கன தள்ளி உக்காரு."

"நான் இசக்கி, அண்ணாச்சி. சுடலைமுத்து தம்பி. எனக்கு வலது காது கேக்காது, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

தொட்டி வெடித்தபோது கொட்டகையிலிருந்து ஓடியவன் செங்கல்பட்டுவரை ஓடியிருக்கிறான். வழியில் காய்ச்சல். விழுப்புரத்தில் யாரோ கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் நடையும் கொஞ்சம் ரயிலும். வீட்டுக்குப் போகாமல் முதலில் கடைக்கு வந்தது ஏன் என்று கேட்டேன்.

"அண்ணன் இன்னேரம் பொதி ஏத்த ஸ்டேஷனுக்கு வந்திருப்பான்லா, ஆளனுப்பிக் கூப்பிடுங்க. அம்மை முன்னால இந்தக் கோலத்துல திடீர்னு போய் நின்னா அவ தாங்க மாட்டா. அண்ணன் பைய முதல்ல போய்ச் சொல்லட்டும்."

ஸ்டேஷனுக்கு ஓடினேன். சுடலைமுத்து பொதி மேல் உட்கார்ந்து கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நான் பேச வாயெடுப்பதற்குள், "எதுவானாலும் கீழ இறங்கிக் கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லி இறங்கினார். தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்ற பிறகு, "ம், சொல்லுங்க" என்றார்.

"இசக்கி வந்திருக்கான். கடையில இருக்கான்."

அவர் மாட்டின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கடைக்கு நடந்து போகும் வழியில் சொன்னேன். கூலியாட்களைப் பற்றி அந்தத் தாளில் வரியே இல்லை, நானாகச் சேர்த்தது என்றேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்படி?"

"மறுநாளே மில்லுல கணக்கப்பிள்ளைகிட்ட நீட்டுனேன். இதுல குதிரை ஓடுதுன்னுல்லா போட்டிருக்குன்னு சிரிச்சாரு."

"பிறகு ஏன் என்கிட்ட கேக்கலை?"

"கேட்டா என்ன சொல்லுவீய? தெரியாதும்பீய. அது எனக்கும்தான் தெரியாது." கொஞ்ச தூரம் போன பிறகு, "வாசல்ல அந்தப் பொம்பளை விழுந்ததை நானும் பாத்தேன். அதனால அன்னைக்குச் சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. நின்ன இடத்துல அது பொய்னு எனக்குத் தெரிஞ்சிருந்தாலும் நானும் அதையேதான் கத்தியிருப்பேன். ஆனா பிறகு விரலை வச்சுக் காட்டுனீயளே" என்றார்.

"தாளை அம்மைகிட்ட காட்டினீங்களா?"

"விளக்கு மாடத்துல வச்சுக் கும்பிட்டுக்கிட்டிருக்கா. நான் என்ன சொல்ல?"

கடை வாசலில் தம்பியைப் பார்த்ததும் அவர் கேட்டது, "ஏலே, செருப்பு எங்கலே?" என்பதுதான். இசக்கிக்கு அது கேட்கவில்லை. இடது பக்கமாகச் சுற்றி வந்து மறுபடி கேட்டார்.

இருவரும் கிளம்பும்போது முதலாளி, "சந்தைக்கு வந்துருவீர்லா?" என்று கேட்டார். சுடலைமுத்து என்னைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"இல்ல அண்ணாச்சி. சேதி வந்தா முதல்ல என் காதுல விழட்டும்னுதான் இந்த ரெண்டு வாரமும் வந்து நின்னேன். இனி என் தொண்டை வாத்தியாரய்யாவுக்கு வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. வண்டி அச்சுக்கு மை போட வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

விதியைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு இதிலிருந்து நேரான பதில் கிடைக்காது. வாசலில் நெருக்கத்தை நிறுத்தியது தாளில் இல்லாத அந்த வரிதான். அதை நான் மறுக்க முடியாது. ஆனால் இசக்கி உயிரோடு வந்ததால் நான் சொன்னது மெய்யாகிவிடவில்லை. சொன்ன நேரத்தில் எனக்கு அது தெரியாது. உங்களுக்கு முன்னால் மைக் மட்டும் இருக்கிறது. எந்த வரி எந்தச் சுடலைமுத்துவின் காதில் விழுகிறது, யாருடைய வாய் அடைத்துக்கொள்கிறது என்பதை நீங்கள் பார்க்கப் போவதில்லை. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே செய்தேன்.

அடுத்த சந்தை நாள் தாள் வந்தது. வண்டியில் ஏறினேன். முதல் இடத்தில் ஆள் இல்லை. இருந்த இரண்டு பேரை முன்னுக்கு நகர்த்தி நிறுத்தினோம். பாதிச் சந்தைவரைதான் எட்டியது. மாடு கட்டியிருந்த பக்கத்துக்கு ஒரு சொல்லும் போகவில்லை என்பது அங்கே நின்றவர்களின் முகத்தில் தெரிந்தது. ஒருவராவது கத்துவார், இல்லாவிட்டால் கலைந்து போவார் என்று எதிர்பார்த்தேன். யாரும் போகவில்லை. நான் வாசித்து முடிக்கும்வரை அத்தனை பேரும் அசையாமல் நின்று, எட்டாத தூரத்திலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.